குடிபெயர்ந்தவர்களின் காகிதப் பெட்டி

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் கார்லைல் என்ற சிற்றூரில் ஒரு வீட்டுப் பரணின்மேல், சூப் டப்பாக்கள் வந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்றில், 400க்கு மேற்பட்ட கடிதங்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. ஸ்டாலின் ஆட்சியில் யூரல் மலைப் பிரதேசத்துக் கட்டாய உழைப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு குடும்பத்தார், 1930 முதல் 1937 வரை, முன்னமேயே கனடா போய்ச் சேர்ந்துவிட்ட தங்கள் உறவினருக்கு எழுதிய கடிதங்கள் அவை. முகாமின் பசியையும் பனியையும் வியாதியையும், அவற்றினிடையே அணையாமல் நின்ற பிரார்த்தனையையும், நேரில் அனுபவித்தவர்களே அன்றாடம் எழுதிவைத்த சாட்சியம் இவ்வளவு திரளாக ஓரிடத்தில் கிடைப்பது அபூர்வம். ஆகையால் அக்கடிதங்கள் பின்னாளில் நூலாகவும் ஆவணப்படமாகவும் வெளிவந்து சரித்திர ஆசிரியர்களின் கவனத்தை ஈர்த்தன. ஆயினும் அவற்றை அத்தனை காலம் காத்துக் கொடுத்தது எந்த சர்க்கார் ஸ்தாபனமும் அன்று. கடிதத்தைக் கிழித்தெறிய மனம் வராத ஒரு குடும்பந்தான்.

அந்தக் குடும்பம் மென்னோனைட் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சேர்ந்தது. 1525-ஆம் ஆண்டு சூரிக் நகரத்தில், பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்கப்படும் ஞானஸ்நானம் செல்லாது, அறிந்து விசுவசித்தவனே அதைப் பெறத் தக்கவன் என்று துணிந்து சொன்ன ஒரு சிறு கூட்டத்திலிருந்து கிளைத்த சமூகம் இது. 1536-ல் கத்தோலிக்கக் குருத்துவத்தைத் துறந்து அவர்களோடு சேர்ந்துகொண்ட மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரே பிற்பாடு சமூகத்தின் பெயராயிற்று. ஆயுதம் ஏந்துவதில்லை, ஆணையிட்டுச் சத்தியம் செய்வதில்லை என்பவை அவர்களுடைய விரதங்கள். எந்த அரசனுக்கும் தன் பிரஜைகளிடமிருந்து முதலில் வேண்டுவன போர்வீரனும் விசுவாசப் பிரமாணமுமே ஆகையால், இவ்விரண்டையும் தர மறுத்த மக்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்வது அரிதாயிற்று. ஒரு நாட்டில் கிடைத்த சலுகை பறிபோகும்போதெல்லாம் அடுத்த நாட்டை நோக்கி வண்டி கட்டுவதே அவர்கள் சரித்திரமாகிவிட்டது.

நெதர்லாந்திலிருந்து அவர்களில் பலர் இன்றைய போலந்தின் விஸ்துலா நதி முகத்துவாரத்துக்குப் போய்ச் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கினார்கள். ருஷ்யாவின் காதரின் அரசியின் அழைப்பை ஏற்று 1789-ல் நீப்பர் நதிக்கரையில் ஹோர்த்தித்ஸா என்ற குடியேற்றத்தையும், 1804-ல் அதற்குத் தென்கிழக்கே மொலோச்னா என்ற குடியேற்றத்தையும் நிறுவினார்கள். அவை இரண்டும் இன்று உக்ரைனில் இருக்கின்றன. 1874-ல் ருஷ்ய சர்க்கார் கட்டாய ராணுவ சேவையைச் சட்டமாக்கியதை ஒட்டி, அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய 17,000 பேர் மானிட்டோபா, கான்சாஸ், நெப்ராஸ்கா முதலான பகுதிகளுக்குக் கப்பலேறினார்கள். மானிட்டோபாவில் ஆங்கிலப் பள்ளிகள் கட்டாயமானபோது, அதை ஒப்பாதவர்கள் 1922-ல் மெக்சிகோவுக்கும் 1927-க்குள் பராகுவேயின் சாக்கோ காட்டுக்கும் பெயர்ந்தார்கள். ருஷ்யாவில் தங்கிவிட்டவர்களோ புரட்சி, உள்நாட்டுப் போர், விஷக்காய்ச்சல், 1921-22-ஆம் ஆண்டுப் பஞ்சம் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு, 1923 முதல் 1930 வரை 20,000 பேருக்கு மேல் கனடாவை அடைந்தார்கள். எஞ்சியோரில் சுமார் 35,000 பேர் 1943-ல், பின்வாங்கிய ஜெர்மானியப் படையின் பின்னே குதிரைவண்டிகளில் மேற்கு நோக்கிப் போனார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே மேற்கு நாடுகளில் தங்க முடிந்தது, மற்றவர் திரும்பப் பிடிக்கப்பட்டு மத்திய ஆசியாவுக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இவ்வளவையும் நான் சொல்லக் காரணம், ஒரு மென்னோனைட் வீட்டில் இன்று ஒரு புகைப்படமோ கடிதமோ இருக்கிறதென்றால், அது எத்தனை கண்டங்களிலிருந்து தப்பி வந்திருக்க வேண்டும் என்பதை வாசகர் உணரவேண்டும் என்பதற்காகத்தான். 1923-ல் ஹோர்த்தித்ஸாவிலிருந்து சரக்கு ரயில் பெட்டிகளில் ஏறியவர்கள் வழிக்கு உணவாக ரொட்டியை வறுத்துக் காயவைத்து மூட்டை கட்டினார்கள். அந்த மூட்டைகளுக்கு இடையில் வேதப்புத்தகமும், அதன் வெற்றுத் தாள்களில் எழுதப்பட்ட பிறப்பு இறப்புக் குறிப்புகளும், கெட்டியான அட்டையில் ஒட்டிய சில குடும்பப் படங்களும் இடம்பெற்றன. இருபது வருஷங்களுக்குப் பின் வண்டிகளில் போனவர்களுக்கு அதுவும் சாத்தியமாகவில்லை. குதிரை சோர்ந்தால் முதலில் இறக்கிப் போடப்படுவது பெட்டிதான்.

பாதுகாத்தல் என்றதும் நம் மனம் பூச்சி, ஈரம், நெருப்பு ஆகியவற்றைத்தான் எண்ணுகிறது. அவை மெய்யான சத்துருக்களே. அவற்றுக்குரிய பரிகாரங்களையும் பின்னால் சொல்லுகிறேன். ஆனால் காகிதத்தைக் காப்பது பாதி வேலைதான். ஒரு காகிதத்துக்கும் அதன் பக்கத்துக் காகிதத்துக்கும், ஒரு முகத்துக்கும் ஒரு பெயருக்கும் உள்ள சம்பந்தத்தைக் காப்பது மீதிப் பாதி. இடம்விட்டு இடம் பெயர்ந்த மக்கள் விஷயத்தில் அந்த மீதிப் பாதியே சிரமமானது. காகிதம் முழுசாகக் கையில் இருக்க, அது இன்னாருடையது என்பது மட்டும் தொலைந்துபோன வீடுகள் எத்தனையோ.

பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ருஷ்ய மென்னோனைட் சமூகம் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்துவந்த சமூகமாகையால், பென்னர், பிரீசன், டிக், வீப, ரைமர், கிளாசன் என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. முன்பெயரிலும் யாக்கோபு, பீட்டர், ஜோஹன், அன்னா, ஹெலேனா என்று சிலவே புழக்கம். ஆதலால் ஒரே கிராமத்தில் ஒரே காலத்தில் யாக்கோபு டிக் என்பவர் பலர் இருந்தால் வியப்பில்லை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, நம்மவர் பெயருக்கு முன் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இடுவதுபோல, அவர்கள் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்கள். படத்தின் பின்னே அந்த ஓரெழுத்தை எழுதாமல் விட்டவர், பேரனுக்கு ஒரு புதிரை எழுதிவைத்துப் போனவராவார்.

ஊர்ப்பெயரின் கதியும் இதுவே. புதிய நாட்டில் குடியேறியதும் பழைய ஊரின் பெயரையே புதிய ஊருக்கும் வைப்பது அவர்களுடைய வழக்கம். ரோசனோர்ட் என்ற பெயரில் பிரஷ்யாவிலும், மொலோச்னாவிலும், மானிட்டோபாவிலும் ஊர்கள் உண்டு. ஆகவே 'ரோசனோர்ட்டில் பிறந்தார்' என்ற குறிப்பு, எந்தக் குடியேற்றத்து ரோசனோர்ட் என்று சொல்லாதவரை, நூறாண்டையும் ஒரு மகா சமுத்திரத்தையும் தாண்டிப் பிழையாகக் கூடும். தேதியிலோ வேறு விதமான சிக்கல்: 1918 வரையில் ருஷ்யா பழைய ஜூலியன் பஞ்சாங்கத்தையே அனுசரித்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து எழுதிய கடிதத்தின் தேதி கான்சாஸில் வாசித்தவரின் தேதிக்குப் பன்னிரண்டு நாளும், இருபதாம் நூற்றாண்டில் பதின்மூன்று நாளும் பின்தங்கியிருந்தது. பதில் கடிதம் நம்பமுடியாத விரைவில் எழுதப்பட்டதாகத் தோன்றும் விநோதம் இதனால் நேர்வதுண்டு. தேதியைத் திருத்தி எழுதிவிடாமல், உள்ளபடியே படியெடுத்து, எந்தப் பஞ்சாங்கம் என்பதை மட்டும் ஓரத்தில் குறித்து வைப்பதே முறை.

இனிப் புகைப்படத்தைக் கையில் எடுப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வழங்கிய 'கேபினெட்' படம் என்பது ஏறத்தாழ நாலேகால் அங்குல அகலமும் ஆறரை அங்குல உயரமும் கொண்ட கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டது. அட்டையின் அடியிலோ முதுகிலோ புகைப்படக்காரரின் பெயரும் ஊரும் அலங்கார எழுத்தில் அச்சாகியிருக்கும்; அதுவே படத்தின் ஜாதகம். அலெக்சாந்திரோவ்ஸ்க் என்று ஊர்ப்பெயர் அச்சாகியிருந்தால், 1921-ல் அந்த நகரம் சாப்போரீஷ்ஷியா என்று பெயர் மாறியதை நினைவில் கொண்டு, அட்டை அதற்கு முன் அச்சடிக்கப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அட்டை பழுத்துவிட்டது, ஓரம் உடைந்துவிட்டது என்று எண்ணிப் படத்தை மட்டும் உரித்தெடுத்துப் புது ஆல்பத்தில் ஒட்டுகிறவர், அந்த ஜாதகத்தைத் தம் கையாலேயே கிழித்தெறிகிறார்.

படத்தின் பின்புறத்தில் மை பேனாவால் எழுதலாகாது. மை ஊறி முகத்தின் பக்கம் தலைகாட்டும். படத்தைச் சுத்தமான கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதவேண்டும். 'அத்தை, ரோசனோர்ட்' என்பது குறிப்பாகாது. எந்தக் குடியேற்றம், ஏறத்தாழ எந்த ஆண்டு, இடமிருந்து வலமாக நிற்பவர் யார் யார், பெண்களானால் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, இவற்றையெல்லாம் சொன்னவர் யார், எந்த வருஷம் சொன்னார் என்பது வரையில் எழுதினால்தான் அது குறிப்பு. நிச்சயமில்லாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைத் தைரியமாக இடலாம். கேள்விக்குறி இல்லாத ஊகம் ஒரு தலைமுறையில் உண்மையாகி, மறு தலைமுறையில் அச்சேறி, பிறகு யாராலும் அசைக்க முடியாத தவறாகிவிடும்.

பொருளைக் காக்கும் உபாயங்கள் எளியவை. வீட்டில் பரணும் நிலவறையும் ஆகாத இடங்கள். வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கும் இடத்தில் காகிதம் சீக்கிரமே நலியும். ஆட்கள் நடமாடும் அறையின் உட்சுவரை ஒட்டிய அலமாரி, அதிக வெப்பமின்றி, காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவிகிதத்துக்குள் இருக்குமானால், உத்தமம். அமிலம் நீக்கிய உறைகளும் பெட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் தகும், பி.வி.சி. தகாது. பசை தடவிய தாளின்மேல் மெல்லிய பிளாஸ்டிக்கை இழுத்து மூடும் ஆல்பங்கள் 1970-களில் பல நாடுகளில் வீடு வீடாக நுழைந்தன. அந்தப் பசை நாளடைவில் படத்தோடு இறுகிப் போவதால், அவற்றினின்று படங்களைப் பக்குவமாக விடுவிப்பது இன்று பல குடும்பங்களின் முதல் வேலையாகியிருக்கிறது. ரப்பர் வளையம், இரும்புக் குண்டூசி, ஒட்டு நாடா, லாமினேஷன் ஆகிய நான்கும் அறவே விலக்கத்தக்கவை. கண்ணாடி நெகட்டிவ்களைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். பழைய நைட்ரேட் பிலிம்கள் எளிதில் தீப்பற்றுபவை ஆகையால், அவற்றைக் கண்டால் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் விஷயம் அறிந்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

கடிதங்களுக்கு வேறு ஒரு நியாயம் உண்டு. உறையையும் கடிதத்தையும் பிரிக்கலாகாது. முத்திரை, விலாசம், தணிக்கைக்காரரின் குறி எல்லாம் உறையில்தான் இருக்கின்றன. மடிப்பை நீக்கி விரித்துத் தட்டையாக வைக்கவேண்டும். ஆனால் பழைய இரும்புச் சத்துள்ள மை காகிதத்தையே அரிக்கும் தன்மையது ஆதலால், மடிப்பை நீக்குவதற்காக நீர் தெளிப்பது ஆபத்து. பஞ்ச காலத்தில் நல்ல காகிதத்துக்கே வழியில்லாமல், மொலோச்னாவில் வாழ்ந்த அன்னா பேர்க் என்ற பெண்மணி பால் டப்பாக்களைச் சுற்றியிருந்த தாள்களின் பின்புறத்தில் நாட்குறிப்பு எழுதினார். அப்படிப்பட்ட தாளைத் 'தூய்மை' செய்வது அதன் கதையை அழிப்பதேயாகும்.

கடிதங்களைப் படிப்பதும் இலேசன்று. அவர்கள் வீட்டில் பேசிய மொழி கீழ் ஜெர்மன்; எழுதியது மேல் ஜெர்மன்; அதுவும் கூர்த்து நெளியும் பழைய கோதிக் கையெழுத்தில். இன்று வின்னிபெக்கில் ஆங்கிலம் பேசி வளரும் கொள்ளுப்பேத்திக்கு அந்தக் கையெழுத்து வெறும் கோலமாகத்தான் தோன்றும். எழுத்தைப் படிக்கக் கற்ற முதியவர்கள் இருக்கும்போதே படியெடுத்துவிட வேண்டும் என்பது இதனால்தான். படியெடுக்கும்போது எழுத்துப் பிழையைத் திருத்துவதும், மங்கிய வார்த்தையைத் தாமாக நிரப்புவதும் கூடா. 1930-களின் கடிதங்களில் தணிக்கைக்கு அஞ்சி வேதவாக்கியக் குறிப்பாலும் மறைமொழியாலும் சொன்ன செய்திகள் பல உண்டு. பிழைபோலத் தோன்றுவது குறிப்பாகவும் இருக்கக்கூடும்.

இந்தக் கடிதப் போக்குவரத்தின் ஒரு பாதிதான் நமக்கு எட்டியிருக்கிறது என்பதையும் நினைக்கவேண்டும். வெளிநாட்டுக் கடிதம் வீட்டில் இருப்பதே குற்றமாகக் கருதப்பட்ட 1937-38-ஆம் ஆண்டுப் பயங்கரத்தில், சோவியத் நாட்டில் இருந்தவர்கள் கனடாவிலிருந்து வந்தவற்றை எரிக்கவேண்டியதாயிற்று, எழுதுவதையும் நிறுத்தினார்கள். பிரிந்தவர்களுள் பலர் ஒருவர் இருப்பதை ஒருவர் அறிந்தது 1950-களின் பிற்பகுதியில்தான். பிறகு, முக்கியமாக 1987 முதல், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கசகஸ்தானிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பெருந்திரளாக ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆகையால் ஒரே பாட்டியின் படம் வின்னிபெக்கில் ஒரு மேஜையிலும், அவருடைய தங்கையின் படம் டெட்மோல்ட் நகரத்தில் ஓர் அலமாரியிலும், அண்ணனின் கடிதம் பராகுவேயின் பிலடெல்பியாவிலும் இருக்கக்கூடும். மூன்றும் ஒன்றுக்கொன்று விளக்கம். தனித்தனியே மூன்றும் மௌனம்.

குடும்பத்தின் காகிதம் பேசாத இடத்தில் பொதுக் காகிதம் பேசும். அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காத்து நிர்வகிக்கவென்றே இச்சமூகத்தார் ஒரு ஸ்தாபனத்தைக் குடியேற்றம்தோறும் ஆதரித்து வந்தார்கள். தகப்பன் இறந்தால் யாருக்கு என்ன பங்கு என்று அதன் கணக்கேட்டில் பதிவாகும். 1920-களில் வந்தவர்களுக்குக் கனடியன் பசிபிக் ரயில்வே கடனுக்குப் பயணச்சீட்டுக் கொடுத்தது. டேவிட் டேவ்ஸ் என்னும் போதகர் தலைமையில் ரோஸ்தெர்னில் 1922-ல் அமைந்த குடியேற்றச் சபை அதற்குப் பொறுப்பேற்றது. அந்தக் கடன் கடைசியாகத் தீர்ந்தது 1946-ல். குடும்பம் குடும்பமாக அந்தச் சபை எழுதிய பதிவு அட்டைகள் வின்னிபெக் மென்னோனைட் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கடனுக்காக எழுதிய அட்டை இன்று வம்சாவளிக்கு ஆதாரமாகிறது.

எல்லாவற்றிலும் ஆச்சரியமானது பீட்டர் பிரவுன் என்னும் ஆசிரியர் சேர்த்த ஆவணத் தொகுதியின் கதை. யுத்தத்திலும் புரட்சியிலும் சமூகத்தின் பத்திரங்கள் சிதறிப்போகும் என்று அஞ்சி, மொலோச்னாவின் ஹால்ப்ஷ்டாட் ஊரில் 1917 முதல் அவர் அவற்றைத் திரட்டினார். 1929-ல் சோவியத் அதிகாரிகள் தொகுதி முழுவதையும் கைப்பற்றினார்கள். அழிந்தது என்றே எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். 1990-ல் கனடா நாட்டுச் சரித்திர ஆசிரியர் ஹார்வி டிக், ஒடெஸ்ஸா அரசு ஆவணக் காப்பகத்தில் அது அலுங்காமல் இருப்பதைக் கண்டார். சுமார் 1,40,000 பக்கங்கள். பிறகு அவை மைக்ரோபிலிமாக எடுக்கப்பட்டு வட அமெரிக்காவுக்கும் வந்தன. பறித்தவர்கள் அந்தத் தொகுதியைக் கலைக்காமல், ஒரே தொகுதியாகவே வைத்திருந்தார்கள். அதனாலேயே அது இன்றும் பேசுகிறது. அதே தாள்கள் பத்து ஊர் அலுவலகங்களில் கலந்துபோயிருந்தால், இருந்தும் இல்லாதவையாகியிருக்கும்.

சிதறியவற்றை ஒன்றுசேர்க்க இக்காலத்து விஞ்ஞானம் ஒரு வழி கொடுத்திருக்கிறது. படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, டிஃப் கோப்பாக வைத்து, ஒரு பிரதியையாவது வேறு ஊரில் வைப்பது இன்று பொது நியதி. முன்புறத்தைப் போலவே பின்புறத்தையும் ஸ்கேன் செய்யவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கனடாவின் மென்னோனைட் காப்பகங்கள் பல கூடி 2015-ல் ஒரு பொதுப் படக்களஞ்சியத்தைத் திறந்தன. பெயர் தெரியாத முகத்தை அங்கே காணும் எவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லி உதவலாம். கலிபோர்னியா மென்னோனைட் சரித்திரச் சங்கத்தின் வம்சாவளித் தொகுதியிலோ 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கொரு எண்ணோடு பதிவாகியிருக்கிறார்கள். படத்தின் குறிப்பில் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் யாக்கோபு டிக்குகளின் கூட்டத்தில் நம்மவர் தொலையமாட்டார். இந்தக் காப்பகங்களில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு: ருஷ்ய மென்னோனைட்டான ஆபிரகாம் பிரீசன் 1890-ஆம் ஆண்டளவில் தெலுங்கு நாட்டு நல்கொண்டாவில் மிஷன் ஊழியம் தொடங்கினார், 1899-ல் அமெரிக்க மென்னோனைட்டுகள் மத்திய இந்தியாவின் தம்தரியில் வந்து தங்கினார்கள். அக்காலத்து இந்தியக் கிராமங்களைக் காட்டும் படங்களும் கடிதங்களும் கடல்கடந்த காப்பகங்களில் இருப்பது இதனாலேயே.

எதையும் எல்லாருக்கும் காட்டிவிடலாம் என்றும் எண்ணலாகாது. 1940-களில் ஜெர்மானியர் ஆட்சியில் குடியுரிமை பெற இவர்கள் நிரப்பிக்கொடுத்த படிவங்களில் வம்சாவளியும் புகைப்படமும் உண்டு. ஆனால் அவற்றைக் கேட்டவர்கள் இரத்த சுத்தம் பார்த்த நாஜிகள். அப்படிவங்களை வெறும் குடும்பப் பொக்கிஷமாக வெளியிடுவது நேர்மையாகாது. எதற்காகப் பிறந்த காகிதம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மேலும், உருவப்படம் எடுப்பதை அகந்தைக்கு இடம் என்று விலக்கும் பழைய முறைக் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் படம் இல்லை என்பதும் ஒரு சரித்திரச் செய்தியே. அவ்வீடுகளில் வேதப்புத்தகத்தின் முதல் தாளும் கடிதக்கட்டும்தான் ஆல்பம்.

ஆகவே பெட்டியைத் திறப்பவர் வேலைகளை எந்த வரிசையில் செய்கிறார் என்பதைப் பொறுத்தே பலன் இருக்கும். நல்ல உறையும் நல்ல பெட்டியும் அடுத்த மாதமும் வாங்கலாம். ஸ்கேன் செய்யும் இயந்திரம் அடுத்த வருஷம் இன்னும் மலிவாகவே கிடைக்கும். அலமாரியில் பத்திரமாக உள்ள காகிதமும் அதுவரை காத்திருக்கும். தொண்ணூறு வயதான பெரியம்மாவின் ஞாபகமோ காத்திராது. எனவே முதல் நாள் வேலை, படங்களை அவர் எதிரில் பரப்பி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயரைக் கேட்டு, பென்சிலால் எழுதிவைப்பது. மற்றவையெல்லாம் அதற்குப் பிற்பாடு.